ஐந்து முடிக்கு ஒன்று

அந்த லோஷன் ஆலையில் அவளுக்கு முதலில் இருந்த பெயர் 'கலக்கல் மேடம்'. எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கிப் பால் மாதிரி ஆக்குவதுதான் அவள் வேலை. கலக்கியது பிரியாமல் நின்றுவிட்டால், பாட்டில் நிரப்பும் கூடத்தில் இருப்பவர்கள் "கலக்கிட்டீங்க மேடம்" என்பார்கள். இரண்டு அர்த்தத்திலும் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தியது.

பிறகு அவளுடைய கொழுந்தன் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று அவன் அவள் பின்னாலேயே நடந்ததில், வாசல் காவலாளியிலிருந்து முதலாளியம்மா வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவன் இதைக் கேள்விப்பட்டுச் சொன்னான்: "அப்ப நான் அத்தனை பேருக்கும் அண்ணன். ஒருத்தனாவது ஒரு டீ வாங்கிக் குடுத்தானா பாரு."

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியலில் பெரிய படிப்பு படித்தவன். கண்ணாடிக் குடுவையை அவன் கையில் எடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அத்தனை நேர்த்தி. ஆனால் எடுத்த வேலையை முடிக்க மாட்டான். சமையலறையில் அவன் அடித்த அலமாரிக்கு மூன்று தட்டில் இரண்டுதான் உண்டு. குளியலறைக் கதவுக்கு அவன் பூசிய பச்சைப் பெயின்ட், இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது. "கதைப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவனுக்குத் தெரியாது" என்பாள் அவன் அம்மா. இதற்கு முன் சேர்ந்த இரண்டு வேலைகளையும் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். அப்படிப்பட்டவனுக்காக அண்ணி முதலாளியம்மாவிடம் போய், "இவனுக்கு நான் பொறுப்பு மேடம்" என்று சொல்லியிருந்தாள். சொன்ன பிறகுதான் அந்த இரண்டு வேலைகளும் நினைவுக்கு வந்தன.

அந்த ஆண்டு கோடை வந்ததும் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்ப வர ஆரம்பித்தன.

முதலாளியம்மா ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே மஞ்சளாக எண்ணெய். கீழே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

"இது லோஷனா, இல்ல ரெண்டு மாடி வீடா?"

"வண்டிக்குள்ள சூடு ஏறிடுது மேடம்" என்றாள் அண்ணி. "சாதாரணமா வச்சா வருஷக்கணக்கா நிக்கும். அறுபது டிகிரி போனா பிரிஞ்சுடுது."

"அப்ப வெயிலை நிறுத்தச் சொல்லட்டுமா?"

முதலாளியம்மா கோபத்தில்கூடச் சிரிக்க வைக்கிற ரகம். ஆனால் அன்று விஷயம் சின்னதில்லை. ஊரிலேயே பெரிய மருத்துவமனை ஒன்று, படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் தோலுக்குப் பூச லோஷன் கேட்டிருந்தது. அங்கே சரக்கு வைக்கும் அறை கொதிகலன் அறையை ஒட்டி இருந்தது. அதனால் அறுபது டிகிரி சூட்டில் ஒரு மாதம் வைத்தும் பிரியாத லோஷனாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏன் பிரியுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் முதலாளியம்மா. அவள் கணக்குப் படித்தவள்.

அண்ணி ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டாள். "இது ஒரு எண்ணெய்த் துளி. இதைத் தண்ணிக்குள்ள தனியா நிக்க வைக்கறது நாம போடற எமல்சிஃபையர். அதோட ஒரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும், துளிக்குள்ள ஊணிக்கும். இன்னொரு முனை நீளமான முடி மாதிரி. அதுக்குத் தண்ணி பிடிக்கும், வெளிய நீட்டிக்கும்." வட்டத்தைச் சுற்றி முடி முடியாக வரைந்தாள். "முடி தண்ணியைக் குடிச்சு புசுபுசுன்னு இருக்கற வரைக்கும் ஒரு துளி இன்னொரு துளிகிட்ட நெருங்க முடியாது. சூடானா முடி குடிச்ச தண்ணியை விட்டுடும். காஞ்சு படிஞ்சுடும். துளியும் துளியும் ஒட்டிப் பெரிசாகும், பெரிசானது மேல வந்துடும்."

"கெட்டியாக்கிட்டா?"

"பிசுபிசுன்னு ஆகும். ஆஸ்பத்திரியில திட்டுவாங்க."

"கொஞ்சம் சோப்பு?"

சோப்புக்கு மின்னூட்டம் உண்டு. சூட்டுக்கு அது அசையாது. மின்னூட்டம் ஏறிய துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் துளியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் உலாவப் போகிற குணமும் சோப்புக்கு உண்டு. புண்பட்ட தோலில் அது போய் எரியும். மின்னூட்டமே இல்லாத எமல்சிஃபையரை இந்த லோஷனுக்கு எடுத்ததே அதனால்தான். அண்ணி இதையெல்லாம் சொல்லிவிட்டு, தான் வரைந்த முடி ஒன்றின் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

"அதனால சோப்பைத் தனியா போட வேண்டாம். சோப்போட குணத்தை மட்டும் இந்த நுனியில ஒட்ட வச்சுடலாம். ஒட்டிட்டா எங்கயும் ஓட முடியாது."

"யாரு ஒட்டுவா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். முதலாளியம்மாவும் பார்த்தாள். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சின்னவன் வாயில் அரை வாழைப்பழம் இருந்தது. அதை அவசரமாக விழுங்கினான்.

"ஒட்டலாம்" என்றான்.

வேலை கேட்க எளிது. எமல்சிஃபையர் தேன் நிறத்தில், தேனைப் போலவே கெட்டியாக இருக்கும். அதைக் குடுவையில் ஊற்றி, சூடாக்கி, துளித் தண்ணீர்கூட இல்லாமல் உலர்த்தி, ஒரு வெள்ளைப் பொடியைப் போட வேண்டும். அந்தப் பொடி ஒவ்வொரு முடியின் நுனியிலும் போய்ப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒரு அமில முனையை விட்டுவைக்கும். பிறகு அதைக் காரம் சேர்த்துச் சமன் செய்தால் மின்னூட்டம் வந்துவிடும். எத்தனை நுனியில் பொடி பிடித்திருக்கிறது என்பதைச் சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வரும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

செய்யத்தான் கடினமாக இருந்தது. முதல் தடவை பாதி நுனியில்கூடப் பொடி பிடிக்கவில்லை. காற்றின் ஈரத்தைப் பொடி குடித்துக் கெட்டுப்போயிருந்தது. அடுத்த தடவை சூடு அதிகமாகி, தேன் நிறம் காப்பி நிறமானது. அண்ணிக்கு உள்ளூர ஒரு பயம். இன்றைக்கோ நாளைக்கோ இவன் "போதும் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சின்னவன் கிளம்பவில்லை. புதுப் பொடி வரவழைத்தான். காற்றுப் புகாமல் குடுவையை மூட ரப்பர் அடைப்பானில் தானே துளை போட்டான். காலையில் அண்ணிக்கு முன்னால் வந்து நின்றான். மதியச் சாப்பாட்டை, குடுவையைச் சூடாக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டான். எண்பது சதவீதம் பிடித்துவிட்டது, போதும் என்று அண்ணி சொன்னபோது, "இன்னும் இருக்குல்ல" என்று திரும்பவும் அடுப்பை ஏற்றினான். வீட்டில் அவன் அம்மா மருமகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான் அத்தை. வேலை பாக்கறான்."

"அதத்தான் கேக்கறேன்."

கடைசியில் ஒரு நாள் முற்பகல், இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டிய இடத்தில் அச்சாக வந்தது. சின்னவன் கண்ணாடிக் குழாயை அண்ணியின் மூக்குக்கு நேரே பிடித்தான். "ஒரு நுனி கூட விடல அண்ணி. நூத்துக்கு நூறு."

அந்தப் பொருளைப் போட்டு லோஷன் செய்தார்கள். அறுபது டிகிரி ஓவனில் வைத்தார்கள். பழைய லோஷன் பக்கத்திலேயே இருந்தது. இரண்டாம் நாளே அது பிரிந்துவிட்டது. புதியது அசையவில்லை. ஒரு மாதம் முழுக்க ஓவன் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், பாட்டில் வெள்ளை வெளேரென்று நிற்பதைப் பார்த்து மூச்சை விடுவதுமாகப் போனது. முதலாளியம்மா தானே தொலைபேசியில் மருத்துவமனையை அழைத்து நாள் குறித்தாள்.

மருத்துவமனையில் அவர்களை வரவேற்றது தலைமை நர்ஸ். உயரமான பெண்மணி. சட்டைப் பையில் நான்கு பேனா, ஒரு கத்தரிக்கோல். ஓவன் முடிவுகளை அண்ணி சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு பாட்டிலை வாங்கினாள். சுவரோரமிருந்த குழாயைத் திறந்து, ஒரு எவர்சில்வர் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தாள்.

"நாங்க இதை நேரா பூச மாட்டோம். உடம்பு துடைக்கற தண்ணியில கலந்துதான் துடைப்போம். ஒரே வேலையா முடிஞ்சுடும்ல" என்று சொல்லி, லோஷனைத் தண்ணீரில் ஊற்றிக் கையால் கலக்கினாள்.

பேசினில் இருந்தது கெட்டுப்போன பாலாகத் திரிந்தது. வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. நடுவே எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது.

தலைமை நர்ஸ் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"இதை நான் நோயாளி மேல ஊத்தணுமா, இல்ல வடிகட்டணுமா?"

"தப்பு என்னோடது சிஸ்டர்" என்றான் சின்னவன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்களோடது" என்று அண்ணி திருத்தினாள். அவளுக்கும் காது சூடாகியிருந்தது. ஆனால் மூளை அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "சிஸ்டர், உங்க குழாய்த் தண்ணி ஒரு கேன் எடுத்துக்கலாமா?"

"எத்தனை கேன் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. திரும்ப வரும்போது லோஷனோட வந்தா போதும்."

திரும்பும்போது ஆலை வேனின் பின் இருக்கையில் இருவரும் தண்ணீர்க் கேனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். சிக்னலில் வேன் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"நான் நின்னுடறேன் அண்ணி. எனக்காக நீங்க பேச்சு வாங்க வேண்டாம்."

"சும்மா இரு."

"வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு வேலையை முழுசா முடிச்சேன். அதுதான் ஊத்திக்கிச்சு. பாதியில விட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கேனைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சின்னவன் முறைத்தான். பிறகு சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இப்ப என்ன சொன்ன?"

"நின்னுடறேன்னு சொன்னேன்."

"அது இல்ல. அதுக்கு அப்புறம்."

"பாதியில விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்னு."

"ஆமா" என்றாள் அண்ணி. "நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவன் புரியாமல் பார்த்தான். வேன் ஆலைக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் விளக்கிவிட்டாள். மருத்துவமனைத் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்புச் சத்து நிறைய. சுண்ணாம்புக்கு இரண்டு கை. ஒரு கையால் இந்தத் துளியின் மின்னூட்டத்தையும் இன்னொரு கையால் அந்தத் துளியின் மின்னூட்டத்தையும் பிடித்து இழுத்து ஒட்டவைத்துவிடும். எல்லா முடியின் நுனியிலும் மின்னூட்டம் இருந்தால், அது எங்கே தொட்டாலும் பிடி கிடைக்கும். பழைய முடிகளைச் சுண்ணாம்பு திரும்பிக்கூடப் பார்க்காது, ஏனென்றால் அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. அப்படியானால் சூட்டைத் தாங்கச் சில முடிக்கு மின்னூட்டம் வேண்டும். உப்புத் தண்ணீரைத் தாங்க மற்ற முடிகள் பழையபடியே இருக்க வேண்டும்.

"எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டான் சின்னவன். நின்றுவிடுவதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

"தெரியாது. பாத்துடலாம்."

மறுநாள் ஆய்வுக்கூட மேசையில் சோதனைக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒரு கோடியில் முழுக்க மாற்றிய எமல்சிஃபையரால் செய்த லோஷன், மறு கோடியில் முழுக்கப் பழையது. நடுவே இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்து செய்தவை. ஒவ்வொன்றிலும் பாதியை ஓவனுக்கு அனுப்பிவிட்டு, மீதியில் கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஊற்றினார்கள். மின்னூட்டம் அதிகமானவை எல்லாம் மளமளவென்று திரிந்தன. மின்னூட்டம் குறையக் குறையக் கட்டிகள் சிறுத்தன. ஐந்து முடிக்கு ஒன்று என்ற அளவில் கலந்த குழாயில் கட்டியே இல்லை. அதற்கும் கீழே போனால் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் இரண்டொரு நாளில் ஓவனுக்குள் எண்ணெய் தலையை நீட்டியது. சின்னவன் அந்த ஐந்துக்கு ஒன்று குழாயை எடுத்துக் குலுக்கினான், கவிழ்த்தான், வெளிச்சத்தில் பிடித்தான், மறுபடி குலுக்கினான்.

"விடு, அதுக்கே தலை சுத்தும்" என்றாள் அண்ணி.

"அண்ணி, ரெண்டைத் தனித்தனியா செஞ்சு எதுக்குக் கலக்கணும்? பொடியவே அஞ்சுல ஒரு பங்கு போட்டா, ஒரே குடுவையில வேலை முடிஞ்சுடும். நேரமும் மிச்சம்."

"அதாவது, வேலையைப் பாதியில நிறுத்தப் போற."

"பாதியில இல்ல. அஞ்சுல ஒண்ணுல" என்றான் அவன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. அந்த முகம் ரொம்ப நேரம் தாங்கவில்லை.

அவன் அம்மாவுக்கு அன்று சாப்பாட்டு மேசையில் செய்தி போனது. அவள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சுல ஒரு பங்கு வேலை செஞ்சா பாராட்டறாங்களா? உனக்குன்னே ஒரு ஆலை கட்டி வச்சிருக்காங்களே" என்றாள். ஆனாலும் அவன் தட்டில்தான் பெரிய மீன் துண்டு விழுந்தது. பஸ் ஓட்டுநர் அண்ணன் தன் தட்டையும் அவன் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானும் அஞ்சு ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப்புல மட்டும் பஸ்ஸை நிறுத்திப் பாக்கறேன்" என்றான்.

ஒரே குடுவையில் செய்தது ஓவனில் ஒரு மாதம் நின்றது. தலைமை நர்ஸ் இந்த முறை பேசினில் ஊற்றிக் கலக்கியபோது, சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி மூடவில்லை. தண்ணீர் சீராக வெளுத்து, சீராகவே இருந்தது. தலைமை நர்ஸ் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள், மறுபடியும் கலக்கினாள். கையைத் துடைக்காமல் அப்படியே உலர விட்டு, புறங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, கண்ணைத் திறங்க. ஒண்ணும் ஆகல" என்றாள்.

ஆனால் ஆய்வுக்கூடக் குடுவை வேறு, ஆலைச் சட்டி வேறு. ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரிய இரும்புச் சட்டி அது. பொடி போட வேண்டிய காலையில் எல்லாம் தயார். முதலாளியம்மாவே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சின்னவன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

"சட்டியைக் கழுவியிருக்காங்க. அடியில ஈரம் இருக்கு. பொடி நுனிக்குப் போகாது, தண்ணிக்குப் போயிடும். அஞ்சுல ஒண்ணு பத்துல ஒண்ணாயிடும். ஓவன்ல பிரியும்."

"ஒரு கைப்பிடி பொடி கூடப் போட்டா சரியாகாதா?" என்றாள் முதலாளியம்மா.

"எவ்வளவு ஈரம்னு தெரியாம எவ்வளவு கூடப் போடறது மேடம்? காய வைக்கணும். நாளைக்குப் போடலாம்."

முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையாட்டினாள்; சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். அவனுக்காகப் பொறுப்பேற்ற நாளில் தோளில் ஏறிய பாரம், அந்த நிமிஷத்தில் இறங்கியதை அவள் உணர்ந்தாள். சின்னவன் அன்று முழுக்கச் சட்டிக்குள் சூடான காற்றைச் செலுத்திக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் நனைந்து, தலைமுடியில் தூசி படிந்து, பார்க்க அடுப்புக்குள்ளிருந்து வந்தவன் போல இருந்தான். மறுநாள் சட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் இளஞ்சிவப்பு நிறம் வர வேண்டிய இடத்தில் வந்தது.

மருத்துவமனைக்கு முதல் வேன் கிளம்பிப் போய்ச் சில வாரங்கள் கழித்து, தலைமை நர்ஸிடமிருந்து ஆலைக்கு அழைப்பு வந்தது. முதலாளியம்மா ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். அண்ணியும் சின்னவனும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"உங்க லோஷனைப் பத்தி ஒரு புகார்" என்றது குரல்.

சின்னவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். "பிரிஞ்சுடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள் அண்ணி.

"பிரியறதுக்கு அது இருந்தாத்தானே? சரக்கறையில வைக்கற பாட்டில் எல்லாம் காணாமப் போகுது. வார்டுல கேட்டா யாருக்கும் தெரியல. நாள் முழுக்க மருந்துத் தண்ணியில கையை வச்சு வச்சு எங்க ஆளுங்களுக்கெல்லாம் தோல் உரியும். இப்ப பாத்தா எல்லார் கையும் பூ மாதிரி இருக்கு. நோயாளிங்களுக்குத்தான் பத்தல."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப உங்க ஆளுங்களுக்குன்னு பாக்கெட்ல வச்சுக்கற மாதிரி சின்ன பாட்டில் தனியா போட்டுத் தரட்டுமா?" என்றாள் அண்ணி.

"அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். சீக்கிரம் அனுப்புங்க, நான் யாரையும் பிடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது."

"ஏன் சிஸ்டர்?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"முதல் பாட்டிலை எடுத்துட்டுப் போனது நான்தான்."